ஏரியல் வகுப்பில் சேரப் போகிறீர்களா? இறங்குவதிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஏரியல் என்பது மேலிருந்து தொங்கும் துணி, வளையம் போன்றவற்றில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சிக் கலை. தரையிலிருந்து நாலடி உயரத்தில், தொங்கும் துணியில் நின்றுகொண்டு "இப்ப எப்படி இறங்கறது?" என்று கேட்கும் ஒருவரை ஏறக்குறைய எல்லாத் தொடக்க வகுப்பிலும் பார்த்துவிடலாம். ஏறும்போது இருந்த தெம்பு போய்விட்டது. கை நடுங்குகிறது. பாதத்தைச் சுற்றிய துணி இறுகிவிட்டது. நான் சேர்ந்த புதிதில் அந்த ஆள் நான்தான். சறுக்கியே இறங்கிவிடலாம் என்று பிடியைத் தளர்த்தினேன். முழங்கால் மடிப்பில் தோல் உரிந்து, ஆறுவதற்கு இரண்டு வாரம் ஆனது.

இப்போது தொடக்க வகுப்புகளில் உதவிக்கு நிற்கிறேன். அங்கே தடுமாறுகிறவர்களில் பலருக்குப் பலம் ஒரு குறையே இல்லை. ஐந்தாவதாகக் கற்க வேண்டியதை இரண்டாவதாகச் செய்து பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் கீழே உள்ள எண்களை அதே வரிசையில் படியுங்கள்.

1. முதலில் கருவி

ஏரியல் என்ற ஒரே பெயருக்குள் பல கருவிகள் இருக்கின்றன. சில்க்ஸ் என்பது உச்சியில் ஒரே புள்ளியில் கட்டப்பட்டு இரண்டு வால்களாகத் தொங்கும் நீளமான துணி. பெயர்தான் பட்டு, பெரும்பாலும் நைலான் டிரிகாட் என்ற பின்னல் துணி. லைரா என்பது எஃகு வளையம். ஹம்மாக் அல்லது ஸ்லிங் என்பது இரு முனையும் மேலே கட்டப்பட்டு, கீழே தொட்டில் போல வளைந்து தொங்கும் துணி. டிரபீஸ் என்பது இரண்டு கயிறுகளில் தொங்கும் கம்பி.

எது எளிது என்று எல்லோரும் கேட்பார்கள். தொடங்க எளிது ஹம்மாக். இடுப்பைத் துணி தாங்கிக்கொள்வதால் கைப்பிடி சோர்ந்தாலும் உட்கார்ந்து மூச்சு வாங்க இடம் இருக்கிறது. லைராவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அதுவும் ஓய்வுதான், ஆனால் அதில் ஏறுவதற்கே பல சமயம் முழங்காலைக் கொக்கி போல மாட்டித் தலைகீழாக வர வேண்டியிருக்கும். சில்க்ஸில் உட்காரவும் இடமில்லை, நிற்கவும் இடமில்லை. நிற்கும் இடத்தை நீங்களே துணியைச் சுற்றி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் அதில் முதல் இரண்டு மாதம் மெதுவாகத்தான் போகும். பிடித்தது சில்க்ஸ் என்றால் அதிலேயே தொடங்குங்கள். பக்கத்தில் ஹம்மாக்கில் தொங்குகிறவர் முதல் நாளே தலைகீழாகப் படம் எடுப்பதைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

இந்த வழிகாட்டியில் சில்க்ஸையே முன்வைத்துப் பேசுகிறேன், அதில்தான் வரிசைப் பிழை அதிகம் வலிக்கிறது. மற்றக் கருவிகளில் மாறும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2. ஸ்டுடியோவை நேரில் போய்ப் பாருங்கள்

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தொடக்க வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கூரையையும் சுவரில் உள்ள படங்களையும் விட ஆசிரியரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் மேலே இருக்கும்போது ஆசிரியர் போனைப் பார்த்தால் நீங்கள் மேலே இருக்கும்போதும் அதே கதைதான்.

மூன்று கேள்விகள் போதும். தொங்கும் அமைப்பை யார், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள்? ஒரு கருவிக்கு எத்தனை பேர்? புதியவர் ஒருவர் மேலே மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயக்கமில்லாத பதில் வர வேண்டும்: ஏணி இருக்கிறது, அல்லது கப்பியை இறக்கிவிடுவோம், அல்லது நானே பக்கத்தில் ஏறித் தாங்குவேன். "அப்படியெல்லாம் ஆகாது" என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒரு கருவிக்கு இரண்டு பேர் இருப்பது குறை இல்லை. தொடக்கத்தில் மூன்று நிமிடம் தொங்கினால் அதே அளவாவது ஓய்வு வேண்டும். மற்றவர் செய்வதைக் கீழிருந்து பார்க்கும்போதுதான் துணி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது மண்டையில் ஏறும்.

வீட்டிலேயே கட்டிப் பழகலாம் என்ற எண்ணம் இங்கேயே வந்துவிடும், அதையும் இங்கேயே முடித்துவிடுவோம். சும்மா தொங்குகிறவர் தரும் சுமை அவருடைய எடை. ஆடும்போதும், திடீரென விழுந்து நிற்கும்போதும் அது பல மடங்காகிறது. அதனால்தான் ஏரியலில் பயன்படும் கராபினர்களில் (கருவியை மாட்டும் உலோகக் கொக்கிகளில்) 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ எடைக்கு ஈடான விசை என்ற அளவெல்லாம் பொறித்திருக்கும். கூரையில் ஏற்கெனவே இருக்கும் கொக்கிக்கும் கதவுச் சட்டத்தில் மாட்டும் கம்பிக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

3. உடம்பைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

தலைகீழாகப் போகும்போது தலையிலும் கண்ணிலும் அழுத்தம் கூடுகிறது. அதனால் உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு, தலைச்சுற்றல், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும். தோள் ஒருமுறை நழுவியிருந்தால் அதையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பலர் பெருமையாகச் சொல்லி, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாத ஒன்று உண்டு: "எனக்கு மூட்டெல்லாம் ரொம்ப வளையும்." அப்படி வளைகிறவர்கள் முழங்கை பின்பக்கம் பூட்டிக்கொள்ளும் வரை தொங்கிவிடுவார்கள். தசை வேலை செய்யாமல் தசைநார் தாங்கும். அவர்களுக்கு வலி தாமதமாகத்தான் தெரியும்.

4. உடையும் சாப்பாடும்

முழங்கால் மடிப்பை மூடும் லெக்கிங்ஸ், இடுப்பில் செருகிவைக்கக்கூடிய மேலுடை, அக்குளை மூடும் கை. துணி உடலோடு உரசும் இடங்கள் இவைதான். பாதம் வெறும் பாதமாக இருக்கட்டும்.

ஜிப், கொக்கி, மோதிரம், வளையல், தொங்கும் காதணி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். மோதிரம் துணியைக் கிழிக்கும்; லைராவில் விரலையே கிழிக்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அன்றைக்குக் கைகாலில் எண்ணெயோ கிரீமோ வேண்டாம். பிடி வழுக்கும், உங்களுக்கு அடுத்துப் பிடிக்கிறவருக்கும் வழுக்கும்.

கை வியர்த்தால் பிடி வழுக்காமலிருக்க ரோசின் என்ற பிசின் பொடி பூசிக்கொள்ளலாம், ஸ்டுடியோ எதை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு. கனமான சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வெறும் வயிற்றோடும் வராதீர்கள்.

5. தரையில் செய்வது முதலில்

உடலைச் சூடுபடுத்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாமதமாக வந்து சேருகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மணிக்கட்டு, தோள்பட்டை, வயிறு மூன்றும் எழுப்பிவிடப்படுகின்றன. மீதி வகுப்பு முழுக்க இந்த மூன்றின் மேல்தான் தொங்கப்போகிறது.

அதே நேரத்தில் கால்களை விரித்து ஆழமாக நீட்டி உட்காராதீர்கள். நீண்ட நேரம் நீட்டிப் பிடித்த தசை சற்று நேரத்துக்குப் பலம் குறைந்திருக்கும். அந்த நீட்டல் பயிற்சியெல்லாம் வகுப்பின் கடைசியில்.

தரைப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து, முதுகின் கீழ்ப்பகுதி தரையோடு ஒட்டியிருக்க, கைகளையும் கால்களையும் சற்றே தூக்கிப் பிடிப்பது. படகு போன்ற அந்த வடிவம்தான் பின்னால் தலைகீழாகும்போது வேண்டிய வடிவம். முதுகு தரையை விட்டு எழும்பினால் காலை இன்னும் உயர்த்துங்கள், எளிதாகிவிடும்.

6. தொங்குவது ஒரு வேலை

கம்பியையோ துணியையோ பிடித்துத் தொங்கச் சொன்னால் புதியவரின் தோள் காதைத் தொடும். கழுத்து காணாமல் போகும். அந்த நிலையில் உங்கள் எடையைப் பெரும்பாலும் தாங்குவது தோள் மூட்டைச் சுற்றிய தசைநார்கள்.

இப்போது முழங்கையை மடக்காமல் தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே, பின்பாக்கெட்டை நோக்கி இழுங்கள். உடல் ஓர் அங்குலம், இரண்டங்குலம் உயரும். கழுத்து நீளும். அந்த ஓர் அங்குலம்தான் முதல் பாடம். விடுங்கள், மறுபடி இழுங்கள். ஐந்து முறை செய்தால் போதும், முதுகில் இதுவரை பேசாத தசை ஒன்று பேசத் தொடங்கும்.

இது கைவராமல் ஏறப் போனால் ஒவ்வோர் எட்டிலும் தோள் மூட்டு ஒரு இழுப்பு வாங்கும். அன்றைக்கு வலிக்காது. இரண்டு மாதம் கழித்து இரவில் ஒருக்களித்துப் படுக்கும்போது வலிக்கும்.

7. ஃபுட் லாக்: பூட்டவும் திறக்கவும்

சில்க்ஸில் நிற்பதற்கான முதல் பூட்டு இது. துணி காலின் வெளிப்பக்கம் இருக்க, பாதத்தால் துணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அது கணுக்காலைச் சுற்றிக்கொள்ளும். பிறகு மற்றக் காலால் கீழே தொங்கும் வாலை வாரி எடுத்து, சுற்றிய பாதத்தின் மேல் வைத்துவிட்டு, எழுந்து நின்றால் பூட்டு விழும். படிக்கும்போது புரியாது, ஆசிரியர் ஒருமுறை காட்டினால் புரிந்துவிடும். நான் இங்கே சொல்ல வருவது அவர் காட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதை.

ஒன்று, பூட்டு முடியும் வரை பாதம் மடங்கியே, விரல்கள் முழங்காலைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். நடனப் பள்ளியிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தில் விரலை நீட்டிவிடுவார்கள். சுற்று வழுக்கிக் கீழே விழும். பூட்டிய பிறகு அழகாக நீட்டிக்கொள்ளலாம்.

இரண்டு, சுற்று கணுக்காலுக்கும் பாத வளைவுக்கும் நடுவே உட்கார வேண்டும். விரல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நசுங்குகிற மாதிரி வலிக்கும். சரியாகப் போட்டாலும் முதல் சில வாரம் வலிக்கத்தான் செய்யும், ஆனால் அது பரவலான அழுத்தம். ஒரே புள்ளியில் குத்துகிற வலி என்றால் இறங்கி மறுபடி போடுங்கள். பாதம் மரத்துப்போனாலும் அப்படியே.

மூன்றாவதுதான் முக்கியம், திறப்பது. இந்தப் பூட்டை இறுக்குவது உங்கள் எடைதான். அந்தக் காலில் நின்றுகொண்டே எவ்வளவு உதறினாலும் அது கழலாது, இன்னும் இறுகும். மேலே மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். செய்ய வேண்டியது: கைகளை மேலே நன்றாகப் பிடித்து, ஆறாம் படியில் சொன்னபடி தோளை இழுத்து, அந்தக் காலின் எடையைக் கைக்கு மாற்றுங்கள். பாதம் லேசானதும் துணி தானாகவே தொய்ந்துவிடும். வாலை மற்றக் காலால் தள்ளிவிட்டு, போட்ட வட்டத்தைத் திருப்பிப் போட்டால் கழன்றுவிடும்.

தரைக்கு ஓரடி மேலே பத்து முறை பூட்டித் திறக்க முடிகிறவரை உயரம் வேண்டாம். அப்புறம் இடது காலிலும் பத்து முறை. இடது பக்கம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு பக்கமே பழகினால் ஒரு தோளும் ஒரு இடுப்பும் மட்டும் வளர்ந்து, அடுத்த வருடம் பிசியோதெரபிஸ்ட்டுக்கு வேலை வைக்கும்.

8. ஏறுவது, உடனே இறங்குவது

அடிப்படை ஏற்றத்தில் துணி ஒரு பாதத்தின் மேல் படிந்து போகும். மற்றப் பாதத்தின் உள்ளங்கால் அதை மேலிருந்து அழுத்தும். இரண்டுக்கும் நடுவே துணி நசுங்கிப் பிடிபடும். முழங்காலை நெஞ்சுவரை தூக்கு, பாதத்தை அழுத்து, எழுந்து நில், கையை மேலே மாற்று. இந்த நான்கும் இதே வரிசையில்.

அழுத்துவதற்கு முன்பே எழ முயல்வது பரவலான பிழை. பாதம் வழுக்கும், எடை முழுதும் கைக்கு வரும், மூன்றாவது எட்டில் முன்கை கல்லாகிவிடும். "எனக்குக் கையில் பலமே இல்லை" என்று அவர் முடிவுகட்டிவிடுவார். உண்மையில் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துகொண்டிருந்தது.

இறங்குவது அதே வேலையைத் தலைகீழாக ஓட்டுவதுதான். கைக்குக் கீழே கை. பாத அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து, இறங்கு, மறுபடி அழுத்து. சறுக்கக் கூடாது, நைலான் துணி தோலில் வேகமாக உரசினால் சூடு போட்ட மாதிரிதான், என் முழங்கால் சாட்சி.

எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதற்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு: கையில் பாதிப் பிடி மீதியிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். முதல் வகுப்பில் இரண்டு எட்டு ஏறி இரண்டு எட்டு இறங்கினால் அது நல்ல வகுப்பு. உச்சியைத் தொட்டுவிட்டு வருவது ஒரு போட்டியாகிவிட்டால், இறங்கும் பாதியில் பிடி விட்டுப்போகும்.

கீழே மெத்தை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கால் தவறி விழுந்தால் அடியைக் குறைக்கும். தலையோ கழுத்தோ முதலில் பட்டால் அந்த மெத்தையால் அதிகம் செய்ய முடியாது. வேண்டுமென்றே அதன்மேல் குதித்துப் பழகியவர்களுக்குக் கணுக்கால் பிசகுவதையும் பார்த்திருக்கிறேன். மெத்தென்ற பரப்பில் பாதம் நேராக இறங்குவதில்லை.

9. தலைகீழ்

எல்லோரும் வந்ததே இதற்காகத்தான், தெரியும். எட்டாம் படி வரை வந்தவர்களுக்கு இது எளிதாக வரும். நேரே இங்கே குதித்தவர்களுக்கு இது ஒரு எம்பலாகத்தான் வரும்.

அந்த எம்பல்தான் பிழை. தரையில் நின்று துணியைப் பிடித்து, காலை உதைத்து எழுப்பித் தலைகீழானால் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். ஆனால் வேகம்தான் உங்களைத் தூக்கியது. அதே வேகம் தோளை முறுக்கியபடி இழுத்திருக்கும். உயரத்தில் உதைக்கத் தரையும் இருக்காது.

முழங்கைகளை மடக்கி, கைகளை நெஞ்சருகே வைத்துக்கொண்டு, முழங்கால்களை வயிற்றோடு சுருட்டுங்கள். பின்பக்கம் சாயுங்கள். இடுப்பு கைகளின் உயரத்துக்கு வந்த பிறகே கால்களை இருபுறமும் விரித்து ஸ்ட்ராடில் நிலைக்குப் போங்கள். தலையைப் பின்னால் தொங்கவிடாதீர்கள். தலை போகும் திசையில் முதுகு வளையும், வளைந்ததும் வயிற்றின் பிடி போய்விடும்.

மேலே போக வரவில்லை என்றால் கீழே வருவதைப் பழகுங்கள். ஆசிரியர் தாங்கிப் பிடித்து உங்களைத் தலைகீழ் நிலைக்குக் கொண்டுபோகட்டும். அங்கிருந்து ஐந்து எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்புங்கள். தசை தூக்கும் எடையைவிட அதிக எடையை இறக்கித் தாங்கும். அதனால் இறங்கும் பயிற்சியே ஏறும் பலத்தைக் கொடுத்துவிடும். நான் வைத்திருக்கும் அளவுகோல்: மடக்கிய கையோடு பத்து நொடி தொங்கி, அங்கிருந்து கட்டுப்பாட்டோடு இறங்க முடிந்தால் தலைகீழுக்குத் தயார். சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஆறு.

ஹம்மாக்கில் இது முன்னாலேயே வரும், இடுப்பைத் துணி சுமப்பதால். லைராவில் முழங்கால் தொங்கல் முதல் வகுப்பிலேயே வரலாம். அங்கே குதிகாலைப் பின்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே இருங்கள், முழங்கால் மடிப்பு அப்போதுதான் கொக்கியாக இருக்கும். தலை சுற்றினால் உடனே சொல்லி, தலைகீழ் நிலையிலிருந்து நிமிர்ந்துவிடுங்கள். புதியவர்களுக்குச் சுற்றுவது சாதாரணம், பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருப்பதுதான் தவறு.

10. வாரத்துக்கு எத்தனை நாள்

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, நடுவே இரண்டு நாள் இடைவெளி. ஆசை பிடித்து வாரம் நான்கு நாள் வருகிறவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் காணாமல் போகிறார்கள். தசை சில வாரங்களில் வலுவாகிவிடும்; தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். தசை "முடியும்" என்று சொல்லும் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் முழங்கையின் உட்பக்கம் வலிக்கத் தொடங்கும். கோப்பையைத் தூக்கும்போது அங்கே சுருக்கென்றால் ஒரு வாரம் தொங்காதீர்கள். அதற்குப் பிறகும் வலித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

முழங்கால் மடிப்பு, பாதத்தின் மேற்புறம், இடுப்பெலும்பு இங்கெல்லாம் கன்றிப்போவது வழக்கம். உள்ளங்கையில் காய்ப்பு வந்தால் குளித்ததும் மெல்லத் தேய்த்துச் சமமாக்குங்கள், மேடாக விட்டால் ஒருநாள் கம்பியோடு சேர்ந்து பிய்ந்துவரும்.

11. டிராப் கடைசியில்

உடலைத் துணியில் சுற்றிக்கொண்டு உயரத்திலிருந்து உருண்டு விழுந்து நிற்பதை டிராப் என்பார்கள். வீடியோவில் பார்த்து அதை அப்படியே செய்ய முயல்கிறவர்கள் உண்டு. வீடியோவில் தெரிவது முன்பக்கம் மட்டும். துணி முதுகில் எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது, அந்த ஒரு கடப்பு மாறினால் உங்களைப் பிடிக்க எதுவுமே இருக்காது.

ஆசிரியர் தரும்போதுகூட முதலில் அதன் சுற்றுகளைத் தரையருகே போட்டு, விழாமல் கழற்றிப் பழகுங்கள். மேலே போனதும் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வலது தொடை, முதுகு, இடது இடுப்பு." ஆசிரியர் கீழிருந்து "சரி" என்று சொன்ன பிறகே கை அசையலாம். அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தால், அவர் திரும்பும்வரை காத்திருக்கப் பிடி போதாது என்று தோன்றினால், சுற்றைக் கழற்றிக்கொண்டு இறங்கி வாருங்கள். கழற்றத்தான் தெரியுமே.